சிவப்பு வந்த மைக்

ஜூன் 3, திங்கள்

உறுதியானது: இன்று முதல் நான் செய்திப் பிரிவில் இல்லை. ஆதாரம்: முத்துக்கரை டிவி அலுவலக அறிவிப்புப் பலகை. கையெழுத்து, செய்தி ஆசிரியர் கனகவேல். எனக்குக் கொடுத்திருக்கும் பொறுப்பு 'ஒலிக்கருவிகள் பராமரிப்பு'. நேராகச் சொன்னால், காலர் மைக்குகளுக்கு சார்ஜ் ஏற்றிய செல்லை மாட்டிக் கொடுப்பது.

இன்னொன்றும் உறுதியானது: தொபியாஸின் வலது மணிக்கட்டில் இரண்டு எலும்புகளும் முறிந்திருக்கின்றன. ஆதாரம்: அரசு மருத்துவமனை எலும்பு முறிவு வார்டு செவிலியர் ஒருவர். பெயர் வேண்டாம் என்றார். எழுதவில்லை.

தொபியாஸ் கடற்கரைச் சாலை மீன்மாவு ஆலையில் பாய்லர் ஓட்டியவர். ஆலையின் கழிவுநீர் குழாய் வழியாக நேரே ஓடைக்குள் போவதைப் போனில் படம் எடுத்து என்னிடம் கொடுத்தார். பெயர் வெளியே வராது என்று வாக்குக் கொடுத்தேன். படத்தை எடுத்தது யார் என்று தெரியாமல் ஒளிபரப்ப மாட்டேன் என்றார் கனகவேல். ஆசிரியருக்கு அப்படிக் கேட்கும் உரிமை உண்டு. அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பெயரைச் சொன்னேன். செய்தி ஒளிபரப்பாகவில்லை. அந்த வாரமே தொபியாஸுக்கு வேலை போயிற்று. பிறகு ஆலை மதிலுக்கு வெளியே வைத்துக் கையும் போயிற்று.

பெயர் தெரிந்தவர்கள் தொபியாஸ், அவர் மனைவி ஸ்டெல்லா, நான், கனகவேல். கழித்துப் பார்த்தால் ஒருவர்தான் மிஞ்சுகிறார். ஆனால் கழித்தல் கணக்கு செய்தி ஆகாது.

"இந்த வயசுல வெயில்ல அலையணுமா மேடம், ஏசி ரூம்ல உக்காருங்க" என்றார் கனகவேல். நன்றி சொன்னேன்.

ஜூன் 4, செவ்வாய்

ஏசி வேலை செய்யவில்லை.

அறை என்பது ஸ்டுடியோவை ஒட்டிய ஓர் அலமாரியும் ஒரு மேசையும். செல்கள் ஒரு பிஸ்கட் டின்னில் குவிந்து கிடக்கின்றன. எது சார்ஜ் ஏறியது, எது ஏறாதது என்று யாருக்கும் தெரியாது. சில செல்களில் பல் தடம் இருக்கிறது. ஒலிப்பதிவு பார்க்கும் இசக்கிராஜிடம் கேட்டேன். நிகழ்ச்சி நடுவில் மைக் செத்தால் செல்லை எடுத்து ஒரு கடி கடித்துத் திரும்பப் போடுவார்களாம். ரேடியோ காலத்து வைத்தியம். சார்ஜ் செல்லை அப்படிக் கடித்தால் உள்ளே கெட்டுப்போகும் என்றேன். "யக்கா, கெட்டுப்போனதத்தான கடிக்கோம்" என்றான்.

இங்கே நடைமுறை என்னவென்றும் அவனே சொன்னான். காலர் மைக்கின் பெட்டி இடுப்பில், கோட்டுக்குப் பின்னால் இருக்கும். அதை அணைக்கும் பொத்தான் மூடிக்கு உள்ளே. அதனால் யாரும் அணைப்பதில்லை, அதுவாக அணையும். பெட்டியின் தலையில் பச்சை விளக்கு சிவப்பானதும் 'சிவப்பு வந்துட்டு' என்பார்கள். இசக்கிராஜ் அந்த மைக்கின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, கையில் பிடிக்கும் கார்ட்லெஸ் ஒன்றைத் தந்துவிடுவான். கனகவேலின் சனிக்கிழமை நிகழ்ச்சி 'கேட்டால் தப்பா' கடைசிப் பகுதிக்கு வரும்போது கார்ட்லெஸ் மைக்கில்தான் முடியும். பார்க்கிறவர்கள் அதை அவர் பாணி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

'சிவப்பு' ஆட்களுக்கும் பொருந்தும். செல்வாக்குப் போனவரை இந்த அலுவலகத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் அறைக்குள் வரும்போது பேச்சு நின்றதால் இதைத் தெரிந்துகொண்டேன்.

ஜூன் 7, வெள்ளி

மீன் மார்க்கெட்டில் ஸ்டெல்லா இருந்தாள். நான் டிவியில் வேலை பார்ப்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் பக்கத்தில் நின்றவளிடம், எனக்குக் கேட்கும்படி, "பேப்பர்காரிகிட்ட வாய் தொறந்தா கை ஒடியும், பாத்துக்கிடுங்க" என்றாள். சாளை வாங்காமல் வந்துவிட்டேன்.

ஜூன் 11, செவ்வாய்

டின்னைக் கவிழ்த்துப் பிரித்தேன். பல்தடம் பட்டவை, பாசி பிடித்தவை, பொங்கியவை எல்லாம் ஒதுக்கியாயிற்று. மீதியை ஜோடி ஜோடியாக நகப்பூச்சால் குறித்தேன். ஒரு மைக்குக்கு இரண்டு செல். ஒரு ஜோடி சேர்ந்தால் கடைசிவரை சேர்ந்தே இருக்க வேண்டும். புதியதோடு பழையதைப் போட்டால் பழையது முதலில் காலியாகி, புதியதன் பலத்தால் தலைகீழாக ஓடிக் கெடும். அலுவலகத்திலும் அப்படி நடக்கக் கண்டிருக்கிறேன்.

பழைய சார்ஜர் முழுதாக ஏறிய பிறகும் நிறுத்தாது. செல்லைப் பொரித்துவிடும். எடுத்தால் கையில் வைக்க முடியவில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்த்துத் தானே நிறுத்திக்கொள்ளும் ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவந்தேன். என் பழைய கேமராவுக்கு வாங்கியது. மெல்ல ஏற்றும். எனக்கு அவசரம் இல்லை.

ஜூன் 15, சனி

மீன்பிடித் தடைக்காலம் முடிந்தது. விசைப்படகுகள் இறங்கின. ஆலைக்கு இனி மீன் வரும். இன்று மாலை புகைபோக்கியில் புகை. தொபியாஸ் இல்லாமலும் பாய்லர் எரிகிறது.

ஜூன் 20, வியாழன்

ஒரு ஜோடி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்க்க, மைக்கை வானொலிப் பெட்டியின் முன் வைத்து, அதன் சத்தத்தை வாங்கும் ரிசீவரில் சிறிய பதிவுக்கருவி ஒன்றை இணைத்து ஓடவிட்டேன். சத்தம் நிற்கும் இடம்தான் செல்லின் ஆயுள்.

காலைச் செய்தி முடிவதற்குள் சிவப்பு வந்தது. சத்தம் நிற்கவில்லை. விவசாயிகளுக்கான நிகழ்ச்சி வந்தது, நிற்கவில்லை. மதியம் சாப்பிட்டுத் திரும்பி வந்தபோதும் சிவப்பு விளக்கோடு நாகஸ்வரம் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

காரணம் எளிது. கடையில் வாங்கிப் போட்டுத் தீர்ந்ததும் எறியும் சாதாரண செல் ஒன்றரை வோல்ட்டில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். சார்ஜ் செல் அதைவிடக் கீழே தொடங்கி, அந்த இடத்திலேயே கடைசிவரை நின்று, பிறகு ஒரேயடியாக விழும். இந்த மைக்குகளின் விளக்கு சாதாரண செல்லுக்கு என்று அமைக்கப்பட்டிருக்கிறது. சார்ஜ் செல்லைப் பார்த்ததும் இது சாகப்போகிறது என்று அது நினைத்துக்கொள்கிறது. பொரிந்துபோன பழைய செல்கள் உண்மையிலேயே சீக்கிரம் செத்ததால், விளக்கு சொல்வது சரி என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

பெட்டிக்குள் ஓர் அமைப்பை மாற்றினால் விளக்கு உண்மை சொல்லும். அதிகாரம் இல்லாமல் மாற்றக் கூடாது. கனகவேலின் அறைக்குப் போய், மைக்குகளில் செல் வகை அமைப்பை மாற்ற அனுமதி வேண்டும் என்றேன். போனில் இருந்தார். "மேடம், ஓடுற வண்டிய நோண்டாதீங்க, இருக்கபடி இருக்கட்டும்" என்றார். இருக்கிறபடியே விட்டேன்.

எச்சரிக்கை செய்வது என் கடமை. ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, தேதி போட்டு ஒட்டினேன்: 'சிவப்பு வந்த பிறகும் மைக் வேலை செய்யும். அணைத்துவிட்டுப் பேசவும்.' அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். உள்பக்கம்.

ஜூன் 22, சனி

'கேட்டால் தப்பா' ஒளிப்பதிவு. குறி வைத்த ஜோடிகளில் மிகச் சிறந்ததை ஆசிரியருக்கே மாட்டினேன். தலைப்பு, மழைநீர் வடிகால். நிகழ்ச்சியின் நடுவிலேயே சிவப்பு. கார்ட்லெஸ் கைக்கு வந்தது. முடிந்ததும் அதை இசக்கிராஜிடம் கொடுத்துவிட்டு, காலர் மைக்கோடு அப்படியே தன் அறைக்குப் போனார். கோட்டைக் கழற்றும்போதுதான் அதையும் கழற்றுவது அவர் வழக்கம். அதுவரை செல் எவ்வளவு தாங்குகிறது என்று சோதிக்க, ஹெட்போனும் பதிவுக்கருவியும் ரிசீவரில் இருந்தன.

கேட்டவை: வீட்டுக்குப் போன். மதியம் தின்ற கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளவில்லை. மனைவியின் தம்பிக்கு வேலை கிடைத்துவிட்டது, நல்ல இடம், இனி மாமனார் வாய் திறக்க மாட்டார். எந்த இடம் என்று சொல்லவில்லை.

செய்தி எதுவும் இல்லை. மச்சினன் வேலையைக் குறித்துவைத்தேன்.

ஜூன் 29, சனி

சிவப்பு. அமைதி. ஏப்பம்.

ஜூலை 2, செவ்வாய்

மைக் பெட்டிகளின் உள்ளே செல் தொடும் முனைகளைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். பச்சையாக வந்தது. துடைத்து முடித்ததும் எல்லா மைக்குகளும் முன்பைவிடக் கூடுதல் நேரம் தாங்குகின்றன. சார்ஜ் ஏற்றியதும் உடனே மாட்டுவதில்லை, ஆற விடுகிறேன். வேலை முடிந்ததும் பெட்டிக்குள் விட்டுவைப்பதில்லை. வெயில் படும் ஜன்னலோரத்திலிருந்து அலமாரிக்குள் மாற்றினேன். இந்த வேலையை இவ்வளவு கவனமாகச் செய்ய வேண்டுமா என்று கேட்டான் இசக்கிராஜ். நான் எந்த வேலையைக் கவனமில்லாமல் செய்தேன் என்று கேட்டேன்.

ஜூலை 5, வெள்ளி

வாராந்திரக் கூட்டத்தில் கனகவேல் என்னைப் பாராட்டினார். மேடம் வந்த பிறகு மைக் கரகரப்பே இல்லை, செய்திப் பிரிவில் இருந்ததைவிட இங்கேதான் அவர் பிரகாசிக்கிறார் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிறகு ஒரு சிக்கல். பாராட்டைக் கேட்டு உற்சாகமாகி, விளக்கு சீக்கிரம் சிவப்பாவது ஏன் என்று தானே பார்த்துச் சரிசெய்வதாகச் சொன்னான் இசக்கிராஜ். ஒரு நிமிட வேலைதானாம். ஆசிரியர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்றேன். அவருக்கு என்ன தெரியும் என்றான். அவர் சொன்னால் சொன்னதுதான், மேலிடத்தை மீறி நான் எதுவும் செய்யமாட்டேன் என்றேன். முப்பது வருஷ வேலையில் இப்படி ஒரு வாக்கியம் என் வாயிலிருந்து வந்ததில்லை. அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

ஜூலை 9, செவ்வாய்

இந்த வார விருந்தினர் பெயர் பலகையில் வந்தது. மீன்மாவு ஆலை மேலாளர் தியோடர். தலைப்பு: 'தடைக்காலம் முடிந்தது, கடல் செழித்ததா?'

சிறந்த ஜோடியை ஒருமுறை முழுதாகக் காலியாக்கி, மறுபடி நிரப்பினேன். அப்படிச் செய்தால் சோம்பிக் கிடந்த செல் விழித்துக்கொள்ளும்.

ஜூலை 13, சனி

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

கனகவேலுக்கு மைக்கை நானே குத்தினேன். கோட்டின் மடிப்பில், வாய்க்கு ஒரு சாண் கீழே. கையைத் தூக்கி நின்றுகொண்டிருந்தார். பெட்டியை இடுப்பில் செருகினேன். செண்ட் வாசனை.

நிகழ்ச்சியில் தியோடர், ஆலையிலிருந்து ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போவதில்லை என்றார். கனகவேல் அடுத்த கேள்விக்குப் போனார். பார்வையாளர் வரிசையில் ஒரு மீனவர் எழுந்தார். அவரிடம் கார்ட்லெஸ் போய்ச் சேர்வதற்குள் இடைவேளை விட்டார்கள். இடைவேளையில் சிவப்பு. கனகவேல் கோட்டைத் தூக்கி விளக்கைப் பார்த்துவிட்டு இசக்கிராஜுக்குச் சைகை காட்டினார். கடைசிப் பகுதி கார்ட்லெஸில் முடிந்தது.

பிறகு விருந்தினரை வழியனுப்பப் படிக்கட்டில் இறங்கினார். கீழே துணிக்கடைக்குப் பக்கத்தில் கார். சுவருக்கு அந்தப் பக்கம் என்றாலும் ரிசீவருக்கு எட்டும் தூரம்தான். நான் அலமாரி முன்னால் உட்கார்ந்து, வயர் சுருட்டிக்கொண்டே ஹெட்போனில் கேட்டேன். பதிவிலிருந்து எழுதுகிறேன். என் சொல் எதையும் சேர்க்கவில்லை.

தியோடர்: "அந்தம்மா இன்னும் இங்கதான் இருக்காங்களா?"

கனகவேல்: "இருக்கு. செல்லுக்கு சார்ஜ் போட்டுக்கிட்டுக் கெடக்கு. அதுவே சிவப்பு வந்த கேசு."

இருவரும் சிரித்தார்கள்.

தியோடர்: "பாய்லர்காரன் லேபர் கோர்ட்ல கேஸ் போட்டிருக்கான். படம் எடுத்தவன் பேரு எங்களுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு கோர்ட்ல கேட்டா என்ன சொல்லன்னு எங்க வக்கீலு கேக்காரு."

கனகவேல்: "நீங்களே கண்டுபிடிச்சதாச் சொல்லுங்க. தொபியாஸுங்கிற பேர நான் சொன்னதுக்கு என்ன சாட்சி இருக்கு? போன்ல கூடச் சொல்லலியே. இந்தக் கார்ல உக்காந்துதான சொன்னேன். கார் வந்து சாட்சி சொல்லுமா?"

தியோடர்: "அடி கொஞ்சம் கூடிப்போச்சு. நாங்க அதச் சொல்லல."

கனகவேல்: "அத எனக்கிட்டச் சொல்லாதீங்க. மச்சினன் எப்படிப் பாக்கான் வேல?"

தியோடர்: "நல்ல பையன். பாய்லர் பக்கம்தான் போட்டிருக்கு."

கார்க் கதவு சத்தம். படியேறும் செருப்புச் சத்தம். கனகவேல் வாய்க்குள் ஏதோ பாட்டு முனகிக்கொண்டே வந்தார்.

மைக்கை வாங்கும்போது விளக்கு இன்னும் சிவப்பாகவே எரிந்துகொண்டிருந்தது. "செத்துப்போச்சு மேடம்" என்று நீட்டினார். ஆமாம் சார் என்றேன். வீட்டுக்கு வந்து சோறு போட்டுத் தின்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு ருசி தெரிந்தது.

ஜூலை 14, ஞாயிறு

குரல் அவருடையது. பெயரை அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார். உறுதியானது. ஆதாரம்: கனகவேல்.

திரும்பத் திரும்பக் கேட்டேன். 'கார் வந்து சாட்சி சொல்லுமா' என்ற இடத்தில் அவர் குரலில் ஒரு குழைவு இருக்கிறது. நாளை ஊரெல்லாம் அந்தக் குழைவைக் கேட்கும். அவர் மாமனார் கேட்பார். டீக்கடையில் கேட்பார்கள். எந்தப் படிக்கட்டில் இறங்கினாலும் யாராவது ஒருவர் அதே குழைவோடு அந்த வாக்கியத்தைச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த சேனல்கள், பத்திரிகைகள், எங்கள் முதலாளி என்று அனுப்ப வேண்டியவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போக வேண்டும். முன்னுரையாக நான்கு வரி எழுதி வைத்தேன். நல்ல வரிகள்.

ஜூலை 16, செவ்வாய்

அனுப்பவில்லை.

பதிவில் தொபியாஸ் பெயர் இருக்கிறது. அந்த இடத்தை அழித்துப் பார்த்தேன். 'அந்தப் பேர நான் சொன்னதுக்கு' என்று மட்டும் கேட்டால், யார் பேர், எதற்கு என்று எதுவும் இல்லை. யாரைப் பற்றியோ யாரோ பேசுகிறார்கள். கனகவேல் ஒரு மணி நேரத்தில் மறுத்துவிடுவார். பெயரோடு போட்டால் அவர் தப்ப முடியாது. ஆனால் பெயரோடு போட்டால் அதை ஊருக்குச் சொல்வது நான். கனகவேல் ஒரு காருக்குள் சொன்னார். நான் ஒலிபெருக்கியில் சொல்வேன்.

அழித்ததைத் திரும்பச் சேர்த்தேன். மறுபடி அழித்தேன். மாலை வரை இதே வேலை.

ஜூலை 18, வியாழன்

தொபியாஸ் வீட்டுக்குப் போனேன்.

ஸ்டெல்லா வாசலில் நின்றாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. ஒரு நிமிடம் கேட்க வேண்டியது இருக்கிறது என்று சொல்லிப் பதிவுக்கருவியைக் காட்டினேன். உள்ளேயிருந்து தொபியாஸ், வரச் சொல் என்றார். மாவுக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை. இடது கையால் டீ குடித்துக்கொண்டிருந்தார். பாய்லர்காரருக்கு வலது கைதான் எல்லாமே என்று முதல் சந்திப்பில் அவரே சொல்லியிருக்கிறார். வால்வைத் திருப்பும் கை அது.

போட்டேன். தன் பெயர் வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லாமல் கேட்டார். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். ஸ்டெல்லா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். இரண்டாம் முறை முடிந்ததும் அவள்தான் பேசினாள். "பேர எப்படிச் சொல்லுதான் பாருங்க. கடச் சாமான் மாதிரி."

பிறகு எனக்கும் ஒரு டீ வந்தது.

நான் என்ன செய்ய நினைக்கிறேன் என்று சொன்னேன். யார் யாருக்கு அனுப்புவேன், எந்த நேரத்தில், முன்னுரை என்ன எல்லாவற்றையும். சம்மதம் கேட்கத்தான் வந்தேன் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன நாளா இதுக்குன்னு உக்காந்திருந்தீங்கக்கா?"

செல் பராமரிப்பு என் வேலை, தற்செயலாகப் பதிவானது என்றேன். அவர் சிரித்தார். அடிபட்ட பிறகு அவர் சிரித்து நான் பார்ப்பது முதல் முறை.

"ஆலைக்காரன்கிட்ட நீங்க சொல்லலன்னு இப்ப நம்புதேன். அது சரி. ஆனா இத டிவில போட்டா அவனுக்கு ஒரு வாரம் அவமானம். எனக்கு என்ன? இனிமே எந்தக் கம்பெனிக்காரன் என்னய பாய்லர் பக்கம் விடுவான்? படம் புடிக்கிறவன்னு ஊருக்கே தெரிஞ்சிரும்."

அதனால்தான் கேட்க வந்தேன் என்றேன்.

"எங்க வக்கீல்கிட்ட குடுக்கேன். கோர்ட்ல அவன கூப்பிட்டுக் கேக்கட்டும். ஆமான்னு சொல்லட்டும், இல்லன்னு சொல்லட்டும், கூண்டுல நின்னு சொல்லட்டும். எனக்கு வேல திரும்ப வேணும். அதுக்குத்தான் இது."

ஊர் கேட்க வேண்டாமா என்றேன். குரல் சற்று உயர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"உங்களுக்கு அவன் மேல கோவம். இருக்கும், இல்லன்னு சொல்லல. ஆனா இதுல ஒடஞ்சது எங் கை. இது எம் பழி, அக்கா. உங்களுக்கு வேணும்னா நீங்க வேற தேடிக்கிடுங்க."

பதிவுக்கருவியை அவர் பக்கம் தள்ளினேன். வேறு நகல் இருக்கிறதா என்று ஸ்டெல்லா கேட்டாள். இல்லை என்றேன். மாலை வீட்டுக்கு வந்து அதை உண்மையாக்கினேன். நான்கு வரி முன்னுரையையும் அழித்தேன். அதுதான் கடினமாக இருந்தது.

ஜூலை 20, சனி

'கேட்டால் தப்பா' தலைப்பு: தெருநாய்த் தொல்லை. கூட்டுறவுச் சங்கத்துப் பழைய ஊழியர்களின் பேட்டிக்குப் போய்வந்த மைக்குகளை நான் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, செல் எடுக்க வந்த இசக்கிராஜ் முதல் முறையாக அலமாரியை முழுதாகத் திறந்தான். கதவின் உள்பக்கத் தாளைப் படித்தான். தேதியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"யக்கா, இது உள்பக்கம்லா ஒட்டியிருக்கு."

வெளியே ஈரம், பசை நிற்காது என்றேன்.

"சரி" என்று மெல்லக் கதவைச் சாத்தினான். தன் சட்டையில் சோதனைக்காக மாட்டியிருந்த மைக்கின் மூடியைத் திறந்து, பொத்தானை அணைத்துவிட்டு, அதன் பிறகுதான் வெளியே போனான். கனகவேலிடம் ஒன்றும் சொல்லவில்லை. போன வருஷம் அவன் செய்த ஒலிப்பதிவுக்கு விருது வந்தபோது மேடையேறி வாங்கியது யார் என்று எனக்கு நினைவுக்கு வந்தது.

ஜூலை 24, புதன்

கனகவேல் அறைக்குக் கூப்பிட்டார். பனிமய மாதா கோயில் திருவிழா நேரலையில் அவரே பேசப்போகிறாராம். நல்ல செல்லாகக் கொடுக்க வேண்டும் என்றார். பிறகு, என் மீது அவருக்குத் தனிப்பட்ட முறையில் எதுவும் இல்லை, செய்திப் பிரிவுக்குத் திரும்ப விரும்பினால் ஒரு வார்த்தை சொன்னால் போதும், திருவிழா முடிந்ததும் பார்க்கலாம் என்றார். உண்மையான கனிவோடுதான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. ஒரு வார்த்தை சொல்ல எனக்கும் ஆசையாக இருந்தது. கார் என்ற வார்த்தை. சொல்லவில்லை. அது இப்போது என்னுடையது இல்லை.

யோசித்துச் சொல்கிறேன் சார் என்று வந்துவிட்டேன்.

ஜூலை 28, ஞாயிறு

முந்தாநாள் கோயிலில் கொடி ஏறியது. தெரு முழுக்கக் கடைகள். கூட்டத்தில் கனகவேல் கேமரா முன் நின்று மாதாவின் கருணையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் நேரலை வண்டியின் நிழலில் அடுத்த ஜோடியோடு நின்றேன். விளக்கு சிவப்பாயிற்று. போய் மாற்றினேன். மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. பக்கத்தில் நின்று அவர் கழுத்தைப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. வேர்த்திருந்தது. எதுவும் தெரியாத மனிதனின் கழுத்து.

ஸ்டெல்லா மெழுகுவர்த்திக் கடைப் பக்கமிருந்து வந்தாள். என் அருகே நின்று, கோயிலைப் பார்த்தபடியே பேசினாள். தொபியாஸுக்கு மாவுக்கட்டு பிரித்தாயிற்று. விரல் மடங்குகிறது, வால்வு திருப்ப இன்னும் ஆகாது. அவர் என்னிடம் ஒன்று சொல்லச் சொன்னாராம்.

"வக்கீலு குடுத்துட்டாரு. பன்னெண்டாந்தேதி விசாரணைக்கு வருது. நீங்க அன்னைக்கு வர வேண்டாம்னு சொல்லச் சொன்னாக."

ஏன் என்று கேட்டேன்.

"நீங்க அங்க உக்காந்திருந்தா அவன் உங்களப் பாத்துதான் பதில் சொல்லுவானாம். இவுகளப் பாத்துச் சொல்லணுமாம்."

அவள் போய்விட்டாள். கனகவேல் கேமராவைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருந்தார்.

உறுதியானது: ஒலிப்பதிவு திருநெல்வேலி தொழிலாளர் நீதிமன்றத்தில் தாக்கல் ஆகிவிட்டது. கனகவேலைச் சாட்சியாக அழைக்க மனுவும் போடப்பட்டிருக்கிறது. ஆதாரம்: ஸ்டெல்லா. நீதிமன்ற அலுவலகத்தில் எனக்குத் தெரிந்த ஒருவரும் தொலைபேசியில் உறுதிசெய்தார்.

நிலுவையில் உள்ளவை: பதிவைச் சான்றாக ஏற்பார்களா. கனகவேலுக்குச் சம்மன் போகுமா. போனால், கூண்டில் நின்று ஆம் என்பாரா, இல்லை என்பாரா. எதிர்பார்க்கும் நாள்: ஆகஸ்ட் 12, திங்கள், முற்பகல். நான் அங்கே இருக்கமாட்டேன். அன்று என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லப்போவது யார் என்பது இன்னும் உறுதியாகவில்லை.